நாலாவது நாற்காலி

“விருந்தாளி வர்ற அன்னிக்கு மட்டும் கரெக்டா இவளுக்குக் கை வலிக்கும். ஏன், யாரும் வராத ஒரு நாள் பார்த்து வலிக்கக் கூடாதா?”

மாமியார் இப்படிக் கேட்டபோது சமையலறைத் தரையில் இரண்டு லிட்டர் பால் நிதானமாக ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. அடுப்பு மேடையிலிருந்து இறங்கி, குளிர்சாதனப் பெட்டியைச் சுற்றி வந்து, கதவோரம் நின்றிருந்த மகனின் கால் கட்டை விரலைத் தொட்டு நின்றது. பாத்திரம் மட்டும் மூலையில் இன்னும் சுழன்று கூச்சல் போட்டது.

மருமகள் பாலைப் பார்க்கவில்லை. தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிடி என்று சொல்லியிருந்தாள், அது பிடிக்கவில்லை. முப்பத்து மூன்று வருஷம் சொன்ன பேச்சைத் தட்டாத கை. பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டு நாற்பது.

கை விளங்காமல் நிற்கும்போது யாராவது மணி பார்ப்பார்களா? அவள் பார்ப்பாள். பேருந்து நிலையத்தில் எட்டு வருஷமாக அறிவிப்பாளர். எந்த வண்டி, எத்தனை மணிக்கு, எந்த நடைமேடை என்று கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து மைக்கில் சொல்வது வேலை. ஓட்டுநர்களுக்கு அவள் மைக்கக்கா. அவள் முகத்தைப் பார்த்தவர்கள் குறைவு. குரலைக் கேட்டு ஓடி வண்டியைப் பிடித்தவர்கள் லட்சம் பேர். வீட்டில் மட்டும் அந்தக் குரலுக்கு அவ்வளவு மதிப்பில்லை. வீட்டில் யார் நடைமேடை பார்த்து நிற்கிறார்கள்?

“அத்தை… கை… வர… ல” என்றாள் மைக்கக்கா. குரல் ஈரத்துணியில் சுற்றின மாதிரி வந்தது.

“பாரு, பேச்சையே மாத்திக்கிட்டா. பதினோரு பேர் வர்றாங்க. உன் தங்கச்சி புருஷன் வீட்டாளுங்க முதல் தடவையா வர்றாங்க. நேத்து ராத்திரி, ‘அவ்வளவு பேருக்கு நான் ஒருத்தியே எப்படி அத்தை’ன்னு கேட்டா. நான் ரெண்டு வார்த்தை சொன்னேன். இப்ப இது!”

மகன் காலிலிருந்த பாலைத் துடைத்தான். கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். ஊரில் பாதிப் பேருக்குக் கண் சோதித்துக் கண்ணாடி மாட்டியவன். நல்லவன்; அதில் சந்தேகமே வேண்டாம். நல்ல ஆண்களிடம் ஒரு சிறப்பு உண்டு: அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவே நிற்கும்போது அவர்களுக்கு உடனே தொண்டை அடைத்துக்கொள்ளும். இதை எழுதுகிறவனுக்கும் அந்த வியாதி இருந்திருக்கிறது, ஆகவே அவனை ரொம்பவும் திட்ட வாய் வரவில்லை.

“என்னம்மா, மறுபடியும் அந்தத் தலைவலியா?” என்று மனைவியிடம் கேட்டான்.

அந்தத் தலைவலி என்பது இரண்டு வருஷக் கதை. வலி வருவதற்கு முன்னால் அவள் கண்ணுக்குள் ஒரு வெள்ளி வெளிச்சம் கோணல் மாணலாக, ரம்பத்தின் பல் மாதிரி ஓடும். கால் மணி நேரம் ஓடிவிட்டு அணையும். அப்புறம் தலை இடியும். முதல் முறை கணவனிடம் சொன்னபோது, அவன் அன்போடு கடைக்கு அழைத்துப்போய், நாற்காலியில் உட்காரவைத்து, சுவரில் இருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னான். கடைசி வரி வரை மடமடவென்று படித்தாள். “பிரமாதமான கண்ணு. ஒண்ணுமே இல்ல” என்று பெருமையோடு வீட்டுக்குக் கூட்டிவந்தான். தெருமுனை டாக்டர், “வேலைக்குப் போற பொம்பளைங்களுக்கு இதெல்லாம் சகஜம்” என்றார். இன்னொரு டாக்டர் வெயில் என்றார். மாதவிலக்கு வலிக்காகக் கருத்தடை மாத்திரை எழுதிக் கொடுத்திருந்த மூன்றாவது டாக்டர், “அதையே தொடர்ந்து சாப்பிடுங்க” என்றார். கண்ணுக்குள் என்ன ஓடுகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. வெயிலுக்குக் குடை வாங்கினாள். மாத்திரை தொடர்ந்தது.

அவள் ஒரு பக்கமாகச் சாய்ந்து சுவரைப் பிடித்த பிறகுதான் கணவன் ஆட்டோ கூப்பிட்டான்.

“போயிட்டுச் சீக்கிரம் வந்துடுங்க. வெங்காயம் அப்படியே கெடக்கு” என்றார் மாமியார்.

*

அந்த ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் நுழைந்ததும் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் சீட்டு சிஸ்டர். வருகிறவர்களுக்குச் சீட்டு எழுதி, யார் உடனே உள்ளே, யார் காத்திருக்க வேண்டும் என்று பிரிப்பது அவர் வேலை. பதினெட்டு வருஷ அனுபவம். ஆளைப் பார்த்தே வியாதி சொல்லிவிடுவார் என்று பெயர். பெயர் வாங்கிவிட்டால் அதைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறதே, அதுதான் சங்கடம்.

மேசையை ஒட்டி மூன்று நாற்காலிகள். தூணுக்குப் பின்னால், குடிதண்ணீர் டிரம் பக்கத்தில், நாலாவது. அது எப்படி அங்கே போனதென்று யாருக்கும் ஞாபகமில்லை. ஆனால் எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும். நாற்பது வயதுக்குள் ஒரு பெண் மயக்கம், மரத்துப்போச்சு, பேச வரல என்று வந்தால், சிஸ்டர் கூட வந்தவரைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்:

“காலைல வீட்டுல ஏதாவது பேச்சா?”

இந்தக் கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் சொல்லக்கூடிய குடும்பம் இன்னும் பூமியில் தோன்றவில்லை. ஆகவே பதில் எப்போதும் ‘ஆமா’. சீட்டின் மூலையில் ‘வீ.ச.’ என்று எழுதப்படும். வீட்டுச் சண்டை. வீ.ச. என்றால் நாலாவது நாற்காலி, ஒரு டம்ளர் குளுக்கோஸ் தண்ணீர், காத்திருப்பு. பத்தில் எட்டு பேர் ஒரு மணி நேரத்தில் அலுத்துப்போய் எழுந்து வீட்டுக்குப் போவார்கள். அவர்கள் சீட்டில் ‘குணமாகிச் சென்றார்’ என்று எழுதுவது வழக்கம். இந்த முறையைச் சிஸ்டர் கண்டுபிடிக்கவில்லை. அவருக்கு முன்னால் இருந்தவர் சொல்லிக்கொடுத்தார். அவருக்கு அந்தக் காலத்து டாக்டர் ஒருவர் சொல்லிக்கொடுத்தார். பாடப் புத்தகத்தில் இருந்ததெல்லாம் மறந்துபோகும். இப்படிக் கைமாறி வருவது மட்டும் மறப்பதில்லை.

மைக்கக்கா வந்து சேர்ந்தபோது மணி ஒன்பது இருபத்தைந்து.

“எ… எட்டு நா…” என்று அவள் தொடங்கினாள். எட்டு நாற்பதுக்கு ஆரம்பித்தது என்று சொல்ல வந்தாள். எத்தனையோ வண்டிகளின் நேரத்தைச் சொன்னவளுக்குத் தன் நேரத்தைச் சொல்ல வாய் வரவில்லை.

சிஸ்டர் அவளைப் பார்த்துவிட்டு அவனிடம் திரும்பினார். “காலைல வீட்டுல ஏதாவது பேச்சா சார்?”

“பெருசா ஒண்ணும் இல்ல சிஸ்டர். வீட்டுக்கு ஆளுங்க வர்றாங்க… அம்மா லேசா…”

“புரியுது.” சிஸ்டருக்கு எப்போதும் புரிந்துவிடும். “வயசு?”

“முப்பத்தி மூணு.”

“முப்பத்தி மூணு வயசுல என்னம்மா வரப்போகுது? போய் அங்க உக்காரு. சார், நீங்க கவலைப்படாதீங்க. தண்ணி குடிச்சா தெளிஞ்சிடும். வேலை இருந்தா முடிச்சிட்டு வாங்க.”

அவன் அவளை நாலாவது நாற்காலியில் உட்காரவைத்தான். கைப்பையை மடியில் வைத்தான். அவள் இடது கையால் அவன் சட்டையைப் பிடித்தாள். அந்தப் பிடியில் ஒரு செய்தி இருந்தது. அவன் அதைக் கோபம் என்று படித்தான். எழுத்துப் பலகை படிக்கவைக்கிறவனுக்கு இதைப் படிக்கத் தெரியவில்லை.

“தங்கச்சி வீட்டாளுங்க வண்டியிலிருந்து எறங்கிட்டாங்களாம். விட்டுட்டு ஓடி வந்துடறேன்” என்று போனான்.

குளுக்கோஸ் தண்ணீர் வந்தது. பாதி உள்ளே போனது, பாதி மோவாயில் வழிந்தது. டம்ளரை வாங்க வந்த சிஸ்டர், ‘குடிக்கக்கூட அடம்’ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். கெட்டவர் இல்லை. வழிந்ததைத் தன் கைக்குட்டையாலேயே துடைத்துவிட்டார். துடைக்கும்போது வாய் ஒரு பக்கம் இறங்கியிருப்பது கண்ணில் பட்டது, மனதில் படவில்லை. மனதில் ஏற்கெனவே ‘வீ.ச.’ உட்கார்ந்திருந்தது.

பத்து மணி. பதினொன்று. தூணுக்குப் பின்னால் இருந்து பார்த்தால் கடிகாரம் மட்டும் நன்றாகத் தெரியும். அந்த நாற்காலியின் ஒரே வசதி அது. மைக்கக்கா நாக்கை அசைத்து, தெரிந்த வாக்கியங்களைச் சொல்லிப் பார்த்தாள். ‘பயணிகளின் கனிவான கவனத்திற்கு.’ மனதுக்குள் முத்து முத்தாக வந்தது. வாய்க்கு வந்ததும் கொழகொழத்தது. அப்போதுதான் அவளுக்கு நிஜமாகப் பயம் வந்தது. கை போனால் இன்னொரு கை இருக்கிறது. இந்த வாய்க்கு மாற்று வாய் ஏது?

பன்னிரண்டரைக்கு அவள் வீட்டில் பதினொரு பேரோடு சேர்ந்து கணவனும் சாப்பிட்டான். நன்றாகவே சாப்பிட்டான். இதைப் பிற்பாடு அவன் பலரிடம், யாரும் கேட்காமலே, சொல்லியிருக்கிறான்.

ஒரு மணி ஐந்துக்கு ஓட்டுநர் ஒருவர் விரலைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். இன்ஜின் மூடி நசுக்கிய விரல். மற்ற கையால் தண்ணீர் பிடிக்க டிரம் பக்கம் வந்தவர், நாற்காலியில் இருந்தவளின் அடையாள அட்டையைப் பார்த்தார். எப்போதும் கைப்பையில் தொங்குவது.

“அக்கா! நீங்க மைக்கக்காதானே? என்னக்கா இங்க? நான் தடம் பதினேழு!”

“ப… பனே…” என்றாள் மைக்கக்கா. அவரைப் பார்த்ததும் கண்ணில் நீர் வந்துவிட்டது.

ஓட்டுநர் டம்ளரைக் கீழே வைத்தார். “பதினேழு சொல்லுங்கக்கா.”

“பனே… உ…”

அவர் விரலை மறந்தார். மேசைக்கு ஓடினார்.

“சிஸ்டர், அந்தக்காவுக்குப் பேச்சு போயிடுச்சு!”

“தெரியும்ப்பா. வீட்டுல சண்டை. கோபத்துல பேச மாட்டேங்குது.”

“கோபமா? எட்டு வருஷமா அந்தக் குரலக் கேட்டுத்தான் நான் ரிவர்ஸ் எடுக்கறேன். அதுக்குக் கோபம் வந்தா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். ஒரு நாள் நடைமேடை மாத்தி நிறுத்தினேன், ஊரே கேக்கற மாதிரி திட்டுச்சு. ஒரு எழுத்து பிசகல! இது கோபம் இல்ல சிஸ்டர். வாயி கோணியிருக்கு, வந்து பாருங்க!”

அவர் போட்ட சத்தத்தில் உள்ளே இருந்த பணி டாக்டரே வெளியே வந்துவிட்டார். அவளை இரண்டு கையையும் தூக்கச் சொன்னார். ஒன்று எழுந்தது, ஒன்று மடியிலேயே கிடந்தது. பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. சக்கர நாற்காலி, ஸ்கேன், ஓட்டம். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு. பக்கவாதம்.

கணவன் ஏப்பத்தை அடக்கிக்கொண்டு வந்து சேர்ந்தபோது, பெரிய டாக்டர் ஸ்கேன் படத்தைக் கையில் பிடித்திருந்தார்.

“ஆரம்பிச்சு நாலரை மணி நேரத்துக்குள்ள வந்திருந்தா அடைப்பைக் கரைக்க ஊசி போட்டிருக்கலாம். கால் மணி நேரம், இருபது நிமிஷம் தாண்டிப்போச்சு. படிச்சவங்களா இருக்கீங்க, ஏன் சார் இவ்வளவு லேட்டாக் கூட்டிட்டு வர்றீங்க?”

“கூட்டிட்டு வந்து நாலு மணி நேரமாச்சு டாக்டர்” என்றான் அவன்.

பெரிய டாக்டர் படத்தைத் திருப்பிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தாலும் அது அப்படியேதான் இருந்தது.

*

நான்காம் நாள் நரம்பு டாக்டர் ஒருத்தி வந்தாள். வாரம் இருமுறை வெளியூரிலிருந்து வருகிறவள். படுக்கை ஓரத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“தலைவலி வர்றதுக்கு முன்னாடி கண்ணுல வெளிச்சம் ஏதாவது ஓடுமா?”

“ஆமா டாக்டர், கோடு கோடா…” என்று கணவன் ஆரம்பித்தான்.

“கருத்தடை மாத்திரை ஏதாவது சாப்பிட்டுட்டு இருந்தீங்களா?”

“ரெண்டு வருஷமா…”

நரம்பு டாக்டர் அப்போதுதான் அவன் பக்கம் திரும்பினாள். “மாத்திரை நீங்களா சார் சாப்பிட்டீங்க?”

அவன் வாயை மூடிக்கொண்டான். மைக்கக்கா பதில் சொல்லி முடிக்க ஆறு நிமிஷம் ஆனது. நரம்பு டாக்டர் ஆறு நிமிஷமும் பேனாவை ஆட்டவில்லை, கடிகாரம் பார்க்கவில்லை. பிறகு சொன்னாள்: “கண்ணுல வெளிச்சம் ஓடற தலைவலி இருக்கறவங்களுக்கு அந்த வகை மாத்திரை ஆகாதும்மா. ரெண்டும் சேர்ந்தா அடைப்பு வர்ற வாய்ப்பு கூடும். எழுதிக் கொடுத்தவர் ஒரு கேள்வி கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்.”

ஒரு கேள்வி. அந்த ஊரில் எல்லோரிடமும் ஒரு கேள்வி இருந்தது. வேறு கேள்வி.

*

ஒன்பது மாதம் ஓடியது. கால் வந்தது. கை அரைகுறையாக வந்தது. பேச்சு வந்தது, ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் படியேறி வருகிற மாதிரி மூச்சு வாங்கி வந்தது. பேருந்து நிலையத்தில் அவளுடைய பழைய ஒலிப்பதிவைப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். “பேச்சு பழையபடி ஆனதும் வாங்கம்மா” என்று நிலைய அதிகாரி சொல்லியிருந்தார். ஒரு நாள் போய் அந்தப் பதிவைக் கேட்டுவிட்டு வந்தாள்.

“எப்படி இருந்துச்சு?” என்றான் கணவன்.

“அவ… ரொம்ப… வேகமா… பேசறா. யாருக்குப்… புரியும்?”

வீட்டில் சில மாறுதல்கள். இப்போது விருந்தாளி வந்தால் மாமியாரே வாசலில் நின்று, “தட்டு அங்க, சாப்பாடு இங்க, அவங்கவங்க எடுத்துப் போட்டுக்குங்க” என்று அறிவிப்பு செய்துவிடுவார். மன்னிப்பு என்று அவர் ஒரு நாளும் கேட்கவில்லை. மருமகளின் தட்டில் எலும்பில்லாத மீனாகப் பார்த்து வைத்தார். சிலருக்கு மன்னிப்பு அந்த வடிவத்தில்தான் வரும்.

அந்தச் சமயத்தில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. நரம்பு டாக்டர் மல்லுக்கட்டி ஒரு பயிற்சி நாள் ஏற்பாடு செய்திருந்தாள்: ‘இளம்பெண்களுக்கும் பக்கவாதம்: மருத்துவப் பணியாளர்களுக்கான பயிற்சி.’ டாக்டர், நர்ஸ், எழுத்தர், மருந்துக்கடைக்காரர் எல்லோருக்கும். பேசியது பெரிய டாக்டர்; ஸ்பீக்கரில் வீடே கேட்டது.

“சார், உங்க மனைவியோட அனுபவத்தச் சொல்ல பத்து நிமிஷம் ஒதுக்கியிருக்கு. அவங்க பேச்சு கொஞ்சம் ஸ்லோ இல்லையா, அதனால அவங்க மேடையில உக்காரட்டும், நீங்க பேசிடுங்க.”

“சரிங்க டாக்டர்” என்று அவன் சொல்லப் போனான்.

“டேய்” என்றார் மாமியார், வெங்காயத்திலிருந்து தலை தூக்காமல். “போனை அவகிட்டக் குடுடா.”

ஆனால் அதற்குள் பெரிய டாக்டர் வைத்துவிட்டார்.

*

பயிற்சி அரங்கில் நூற்றுப் பத்துப் பேர். மேடைக்குப் பின்னால் பெரிய பதாகை. ‘இளம்பெண்களுக்கும் பக்கவாதம்’ என்ற எழுத்துக்குக் கீழே, கைத்தடி ஊன்றிய எழுபது வயதுத் தாத்தாவின் படம். அச்சகத்தில் பக்கவாதம் என்றால் அந்தப் படம்தான் இருந்ததாம்.

பெரிய டாக்டர் மைக்கைப் படார் படார் என்று தட்டி, “ஹலோ, ஹலோ” என்றார். மைக்கக்கா கண்ணை மூடிக்கொண்டாள். பக்கவாதத்தைக்கூடத் தாங்கிக்கொண்டாள், மைக்கைத் தட்டுவதை அவளால் தாங்க முடியவில்லை.

நரம்பு டாக்டர் முதலில் பேசினாள். சுருக்கமாக, படங்களோடு. வயதைப் பார்க்காதீர்கள், முகத்தையும் கையையும் பேச்சையும் பாருங்கள். எப்போது தொடங்கியது என்று நோயாளியையே கேளுங்கள். தலைவலி, மாத்திரை, பிரசவ காலத்து ரத்த அழுத்தம், இவற்றை விசாரியுங்கள். எல்லோரும் குறிப்பெடுத்தார்கள். பின் வரிசையில் சிலர் சாப்பாடு என்ன என்று விசாரித்தார்கள்.

அடுத்து கணவனைக் கூப்பிட்டார்கள். மடித்த காகிதத்தோடு எழுந்து போனான். இரண்டு ராத்திரி உட்கார்ந்து எழுதியது.

“அனைவருக்கும் வணக்கம். என் மனைவிக்கு அன்று காலை…”

நிறுத்தினான். மூன்றாவது வரிசையில் சீட்டு சிஸ்டர் உட்கார்ந்திருந்தார். அவரும் இவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், அன்றைக்கு மேசைக்குப் பின்னால் இருந்து பார்த்த அதே மாதிரி, பதிலுக்காக.

“மன்னிக்கணும்” என்றான். “போன தடவையும் இவங்களுக்காக நான்தான் பதில் சொன்னேன். அதோட பலன்தான் இன்னிக்கு இந்த மீட்டிங்.”

காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, மைக்கைக் கழற்றிக்கொண்டுபோய் அவள் இடது கையில் கொடுத்தான்.

மைக்கக்கா அதைத் தட்டவில்லை. ஊதவில்லை. வாயிலிருந்து நான்கு விரல் தள்ளிப் பிடித்தாள்.

“பயணிகளின்… கனிவான… கவனத்திற்கு.”

ஒரு சிரிப்பு கிளம்பியது. பாதிப் பேருக்கு அந்த வாக்கியம் பழக்கம். அந்த வேகம்தான் புதிது.

“எட்டு நாற்பது. வலது கை… புறப்பட்டு… போய்விட்டது. ஒன்பது இருபத்தைந்து. ஆஸ்பத்திரி… வந்தடைந்தது. ஒன்பது… முப்பது. நாலாவது… நாற்காலி.”

சிரிப்பு நின்றது. நாலாவது நாற்காலி என்று வெளியார் யாரும் சொல்லி அவர்கள் கேட்டதில்லை.

“பத்து மணி. நாலாவது… நாற்காலி. பதினொன்று. நாலாவது… நாற்காலி. பன்னிரண்டு…”

ஒவ்வொரு மணியாகச் சொன்னாள். ஒன்றையும் தாவவில்லை. பத்து நிமிஷம் தாண்டியது, பதினைந்து தாண்டியது. பெரிய டாக்டர் மேடையோரம் நின்று தன் கைக்கடிகாரத்தை மெல்லத் தட்டிக் காட்டினார்.

மைக்கக்கா அவரைப் பார்த்தாள். எட்டு வருஷத்தில் எத்தனை ஆயிரம் முறை சொன்ன வாக்கியமோ, அது மட்டும் ஒரு பிசிறில்லாமல் வந்தது:

“தாமதத்திற்கு வருந்துகிறோம்.”

அரங்கம் வெடித்துச் சிரித்தது. சிரித்து முடிப்பதற்குள் என்னத்துக்குச் சிரித்தோம் என்று அதற்கே உறைத்தது. பெரிய டாக்டர் கையை இறக்கிக்கொண்டார். கண்ணுக்குள் ஓடிய ரம்பத்தையும் சேர்த்து மீதியையும் சொல்லி முடித்தாள். மொத்தம் இருபத்திரண்டு நிமிஷம்.

கேள்வி நேரத்தில் முதலில் சீட்டு சிஸ்டர் எழுந்தார். மன்னிப்பு கேட்கப்போகிறார் என்று நினைத்துப் பக்கத்தில் இருந்தவர்கள் சங்கடத்தோடு நெளிந்தார்கள்.

“அந்த வெளிச்சம்…” என்றார் சிஸ்டர். “ரம்பம் மாதிரின்னு சொன்னீங்களே. அது ஓரத்துல ஆரம்பிச்சு நடுவுல வருமா? இல்ல… நடுவுல ஆரம்பிச்சு ஓரத்துக்குப் போகுமா?”

மைக்கக்கா மைக்கை மடியில் இறக்கினாள். “எத்தனை… வருஷமா… சிஸ்டர்?” என்றாள்.

“நாலு” என்றார் சிஸ்டர். “நான்… தூக்கமில்லைன்னு நெனச்சிட்டிருந்தேன்.”

நரம்பு டாக்டர் மேடையிலிருந்து இறங்கி அவரிடம் போனாள்.

பிறகு எல்லோருக்கும் ‘பயிற்சி முடித்தவர்’ என்று சான்றிதழ் கொடுத்தார்கள். மைக்கக்காவுக்கு ஒரு பூங்கொத்து. அவள் கை பலவீனம் என்பதால் அதைக் கணவனிடம் கொடுத்தார்கள்.

*

வீட்டுக்குப் போகிற வழி அவசரப் பிரிவைத் தாண்டித்தான். பாதிப் பேர் சாப்பிடப் போயிருந்தார்கள். சீட்டு மேசையில் ஓர் எழுத்தர். அரங்கிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். காதோரம் கைதட்டல் இன்னும் ஒட்டியிருந்தது.

மேசைக்கு முன்னால் துணிக்கடைச் சீருடையில் ஒரு பெண். இருபத்து மூன்று இருக்கும். அவள் அம்மா தாங்கிப் பிடித்திருந்தார். பெண்ணின் இடது கை பக்கவாட்டில் தொங்கியது.

“காலைல வீட்டுல ஏதாவது பேச்சாம்மா?” என்றார் எழுத்தர், அம்மாவிடம்.

“பேச்சில்லாம எந்த வீடு சார்? கல்யாணம் வேணாங்கறா. அதான் கொஞ்சம்…”

“சரி, சரி.” எழுத்தருக்குச் சீட்டு வைத்து எழுத அட்டை கிடைக்கவில்லை. கையோடு கொண்டுவந்த சான்றிதழைக் குப்புறப் போட்டார். கெட்டியான, நல்ல தாள். அதன் மேல் சீட்டை வைத்து மூலையில் ‘வீ.ச.’ என்று எழுதினார். “அந்தத் தூணுக்குப் பின்னால ஒரு நாற்காலி இருக்கு, உக்காருங்க.”

தாயும் மகளும் தூணைச் சுற்றி வந்தபோது, நாலாவது நாற்காலியில் ஒரு கைப்பை இருந்தது. அப்புறம், மெதுவாக, கைப்பைக்கு உரியவளும் வந்து உட்கார்ந்தாள்.

“ஆள் இருக்கு” என்றாள் மைக்கக்கா.

எழுத்தர் எட்டிப் பார்த்தார். “அம்மா, நீங்க பேஷண்ட் இல்லையே. எந்திரிங்க, அந்தப் பொண்ணு உக்காரணும்.”

“இடம்… இல்ல. உள்ள… கூட்டிட்டுப் போங்க.”

“எவ்வளவு நேரம்மா இங்க உக்காந்திருப்பீங்க?”

“எனக்கு… இதுல… நாலு மணி நேரம்… பழக்கம்.”

எழுத்தர் கணவனைப் பார்த்தார். நீங்களாவது சொல்லுங்கள் சார் என்கிற பார்வை. ஆண்பிள்ளைகளுக்குள் காலம் காலமாகப் போய்வருகிற பார்வை. கண்ணாடிக் கடைக்காரன் பூங்கொத்தோடு அவள் காலடியில், வெறும் தரையில், சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

எச்சில் கையோடு சீட்டு சிஸ்டர் வந்தார். யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நாற்காலியைப் பார்த்தார், உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார், மேசையில் கிடந்த சீட்டைப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேராகக் குனிந்தார்.

“எத்தனை மணிக்கும்மா ஆரம்பிச்சது?”

“அது வந்து சிஸ்டர், காலைல நான் லேசா…” என்று அம்மா தொடங்கினார்.

நாற்காலியிலிருந்து ஓர் இடது கை எழுந்து, விரலை உதட்டில் வைத்துக் காட்டியது. அம்மா நிறுத்திக்கொண்டார். அவசரப் பிரிவே ஒரு பெண்ணின் வாயைப் பார்த்துக் காத்திருந்தது.

“ப… பதி… னொண்ணே… கா…”

பதினொன்றே கால். மைக்கக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு ஐந்து. நேரம் இருந்தது.

சக்கர நாற்காலி உள்ளே ஓடியது. கதவு ஆடி ஆடி நின்றது. கணவன் எழுந்து பூங்கொத்தில் ஒட்டிய தூசியைத் தட்டினான்.

“போலாமா?”

“நீங்க… போங்க” என்றாள் மைக்கக்கா, கைப்பையை மடியில் நன்றாக இழுத்து வைத்துக்கொண்டு. “இன்னும்… யாராவது… வருவாங்க.”